நாத்தனாரின் ஈசிஜி

மார்ச் 3, திங்கள்

இன்று நாற்பத்தொரு நெஞ்சு. அதில் பாதிப் பேருக்கு நெஞ்சுக்குள் ஒன்றும் இல்லை, வாய்க்குள்தான் நிறைய. "சிஸ்டர், ஷாக் அடிக்குமா?" இருபத்திரண்டு வருடமாக இதே கேள்வி. அடிக்காது என்றால் நம்ப மாட்டார்கள். "இதுவரைக்கும் யாரும் செத்ததில்ல, பேசாம படுங்க" என்றால்தான் கையைத் தளர்த்துகிறார்கள்.

ஈசிஜி அறைக்குப் புது மெஷின் வந்து ஒரு மாதம் ஆகிறது. பழையது கோட்டை மட்டும் போடும். இது கோட்டுக்கு மேலே வியாக்கியானமும் போடுகிறது. காலையில் ஒரு பெரியவருக்குக் கை நடுக்கம். 'இதயத் துடிப்பு ஒழுங்கற்றது' என்று அடித்துக் கொடுத்தது. கையைப் போர்வைக்குள் வைக்கச் சொல்லி மறுபடி எடுத்தேன். 'இயல்பு' என்றது. ஒரே மனுஷன், ஒரே நெஞ்சு, ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு ஜாதகம்! அதனால் தாள் வெளியே வந்ததும் மேல் ஓரத்தை உள்பக்கமாக மடித்துவிடுகிறேன். மெஷினின் ஜோசியம் என் கண்ணில் படக் கூடாது. கோட்டைப் படிக்கத் தெரிந்தவளுக்கு அது எதற்கு?

புது இதய டாக்டரும் மெஷினோடு ஒரே பெட்டியில் வந்து இறங்கியவர் மாதிரிதான். சட்டைப் பையில் எந்நேரமும் சீப்பு. அதனால் அவர் 'சீப்பு'. முப்பத்து நான்கு வயது இருக்கலாம். என்னை "அக்கா" என்கிறார். யாருக்கு யார் அக்கா?

மார்ச் 5, புதன்

சீப்பு ஒவ்வொரு தாளையும் காம்பஸ் மாதிரி ஒரு கவட்டைக் கருவியை வைத்து அளக்கிறார். வெளியே முப்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், இவர் உள்ளே சின்னக் கட்டம் எண்ணிக்கொண்டிருக்கிறார். எனக்கு ஒரு பார்வை போதும். நான் டாக்டர் இல்லை, அதுதான் என் குறை.

மார்ச் 9, ஞாயிறு

நாத்தனார் மறுபடி மயக்கம் போட்டாள்.

சாப்பிட்டு முடித்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அவள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேல் அலமாரியில் இருந்த போன் திடீரென்று அடித்தது. "ஐயோ" என்று நெஞ்சில் கை வைத்தாள், அப்படியே நாற்காலியிலிருந்து சரிந்தாள். கையும் காலும் இரண்டு வெட்டு வெட்டின. என் வீட்டுக்காரர் ஓடினார், மகள் தண்ணீருக்கு ஓடினாள். நான் போனை எடுத்துப் பேசினேன். தவறான நம்பர். வைப்பதற்குள் அவள் எழுந்து உட்கார்ந்து எல்லோரையும் மாறி மாறிப் பார்க்கிறாள். கீழ் உதடு கிழிந்திருந்தது. நடிப்பில் ஈடுபாடு கொஞ்சம் அதிகம்.

இவளுக்கு மயக்கம் வந்த நேரத்தை எல்லாம் நான் கவனித்து வைத்திருக்கிறேன். யாராவது கத்தினால் வரும். கதவு படார் என்று சாத்தினால் வரும். போன் அடித்தால் வரும். பாத்திரம் தேய்க்கும்போது மட்டும் வந்ததே இல்லை. முப்பத்தெட்டு வயது. கல்யாணமான மூன்றாம் வருடம், 'பெண்ணுக்கு வலிப்பு, மறைத்துவிட்டீர்கள்' என்று புருஷன் வீட்டார் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். அதன்பின் டிராவல் கம்பெனி ஒன்றில் வரவேற்பு மேஜையில் உட்கார வைத்தார்கள். மூன்று போன் இருக்கும் மேஜை. ஆறு மாதத்தில் மூன்று தடவை விழுந்தாள், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலை செய்யப் பிடிக்காதவர்கள் ராஜினாமா கடிதம் எழுதுவார்கள், இவள் மயக்கம் போடுவாள். ஆறு வருடம் வலிப்பு மாத்திரை விழுங்கிவிட்டுப் போன வருடம் நிறுத்தினாள். ஒரு வித்தியாசமும் இல்லை. நோய் இருந்தால்தானே வித்தியாசம் இருக்கும்.

"ஒரு ஈசிஜி எடுத்துப் பாரேன். உன் கையிலதானே இருக்கு" என்றார் இவர்.

"உங்க தங்கச்சிக்கு எடுக்க வேண்டியது ஈசிஜி இல்லங்க, சினிமா."

சிரிக்கவில்லை. தங்கை என்றால் மட்டும் மனிதருக்கு நகைச்சுவை உணர்வு வற்றிவிடும்.

மார்ச் 11, செவ்வாய்

தொல்லை தாங்காமல் எடுத்தேன். மதிய இடைவேளையில் வரச் சொல்லி, சீட்டுப் போடாமல், பதிவேட்டில் எழுதாமல்.

"ஜில்லுனு இருக்கு அண்ணி."

"ஜெல்லி அப்படித்தான் இருக்கும். மூச்சை இழுத்து இழுத்து விடாத."

தாள் வந்தது. ஓரத்தை மடித்தேன். நிமிடத்துக்கு அறுபத்திரண்டு. துடிப்புக்குத் துடிப்பு ஒரே இடைவெளி, கம்பு நட்டது மாதிரி. ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னாலும் ஒரு சின்ன மேடு வரும், இதயம் அடுத்த துடிப்புக்குத் தன்னைத் தயார்படுத்திக்கொள்ளும் நேரம் அது. அந்த மேடு கொஞ்சம் தள்ளி வந்து, உச்சியில் லேசாகப் பள்ளம் விழுந்து, இரட்டை மேடு மாதிரி இருந்தது. அசைந்திருப்பாள். சொன்னால் கேட்கிற ஜென்மமா? தாளின் பின்பக்கம் 'நார்மல்' என்று பேனாவால் எழுதி என் மேஜை இழுப்பறையில் போட்டேன்.

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "அப்போ எனக்கு என்னதான் அண்ணி?" என்று கேட்டாள்.

"உனக்கு நேரம் அதிகம். அதான்."

முகம் சுருங்கிவிட்டது. சுருங்கட்டும்.

மார்ச் 12, புதன்

நாத்தனார் என்னோடு பேசவில்லை. வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது!

மார்ச் 27, வியாழன்

நாத்தனார் மேடத்துக்கு இப்போது தொண்டை வலி, காய்ச்சல், கூடவே வாந்தி. டியூட்டி டாக்டரிடம் வாயால் சொல்லி, தொண்டைக்கு ஒரு மாத்திரை, வாந்திக்கு ஒரு மாத்திரை எழுதி வாங்கிவந்து கொடுத்தேன். நேரில் கூட்டிவரச் சொன்னார். அதற்கெல்லாம் யாருக்கு நேரம்?

மார்ச் 29, சனி

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். மதியம் மூன்று.

நாத்தனார் மகளின் அறையில்தான் படுப்பாள். காலை ஆறு மணிக்கு மகளின் அலாரம் அடித்தது. உடனே மகளின் குரல்: "அம்மா, அத்தை ஒரு மாதிரி இருக்காங்க!"

நான் அடுப்படியில் இருந்தேன். "தண்ணி தெளி, எழுந்துடுவா" என்றேன்.

"அம்மா, வாங்கம்மா!"

பால் காய்ந்துகொண்டிருந்தது. அடுப்பை அணைத்தேன். பாலை இறக்கினேன். தட்டை எடுத்து மூடினேன். மூடியபிறகு போனேன். இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை, இங்கே எழுதிவைக்கிறேன் - பாலை மூடிவிட்டுத்தான் போனேன்.

உதடு நீலம். கண் பாதி திறந்திருக்கிறது, பார்வை இல்லை. தொண்டையிலிருந்து ஒரு இழுப்பு, அப்புறம் அதுவும் இல்லை. கழுத்தில் விரல் வைத்தேன். ஒண்ணும் இல்ல. மறுபக்கம் வைத்தேன். ஒண்ணுமே இல்ல. இருபத்திரண்டு வருஷமா நெஞ்சைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கறேன், அந்த நிமிஷம் எலும்பு எங்க இருக்குன்னு தெரியல எனக்கு.

தரையில் இழுத்துப் போட்டு அழுத்த ஆரம்பித்தேன். முப்பது. ஊது. முப்பது. ஊது. கையடியில் ஏதோ முறிந்தது. அவர் போனில் விலாசம் சொல்கிறார், சொந்தத் தெருப் பெயரே வாயில் வரவில்லை. மகள் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு எனக்காக எண்ணினாள். குரல் தடுமாறவில்லை. பதினைந்து வயது.

நான்காவது சுற்றில் இருமினாள். நாடி வந்தது.

ஆம்புலன்ஸில் நாடி மறுபடி போனது. இந்தத் தடவை திரையில் பார்த்தேன். கோடு கோடாக இல்லை, ரிப்பனை முறுக்கிப் பிடித்த மாதிரி பெருத்துச் சிறுத்துச் சுழன்றது. ஷாக் கொடுத்தார்கள். திரும்பி வந்தாள்.

யாரும் இப்படி நடிக்க முடியாது.

மார்ச் 30, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமையும் சீப்பு வந்தார். தலை வாரவில்லை. ஆம்புலன்ஸ் தாளையும் இங்கே எடுத்த தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தார்.

"துடிப்புக்கு அப்புறம் இதயம் ரீசெட் ஆகுறதுக்கு ரொம்ப நேரம் எடுக்குது அக்கா. அந்த நேரத்துல அடுத்த துடிப்பு வந்து விழுந்தா இப்படி முறுக்கிக்கும். என்ன மாத்திரை சாப்பிட்டாங்க?"

சொன்னேன். தலையை ஆட்டினார். "ரெண்டுமே அந்த நேரத்தை நீட்டுற மருந்து. சேர்த்துச் சாப்பிட்டா சில பேருக்கு ஆகும். அதான் காரணமா, இல்ல பிறவியிலேயே இருக்கான்னு தெரியணும். முன்னாடி எப்பவாவது ஈசிஜி எடுத்திருக்கீங்களா?"

"இல்ல சார்."

வாய் தானாகச் சொன்னது. என் வீட்டுக்காரர் அப்போது வெளியே ஆம்புலன்ஸ்காரர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அறையில் நானும் சீப்பும்தான்.

பிறகு ஈசிஜி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இழுப்பறையைத் திறந்தேன். மடிப்பைப் பிரித்தேன். மேல் ஓரத்தில் அச்சில் இருந்தது: 'க்யூடி இடைவெளி 524. மிக நீளம். மருத்துவர் உடனே பார்க்கவும்.' அதற்குப் பின்பக்கம் என் கையெழுத்தில்: 'நார்மல்.'

மெஷினுக்குத் தெரிந்திருக்கிறது. சீப்புக்கும் ஒரு பார்வையில் தெரிந்திருக்கும். சீப்பு சொன்ன அந்த ரீசெட் நேரத்துக்குத்தான் க்யூடி என்று பெயர். கட்டம் எண்ணினேன் - பதிமூன்று. பதினோரு கட்டத்துக்குள் முடிய வேண்டியது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எண்ணிவிடும்.

ஏப்ரல் 1, செவ்வாய்

தாளைக் கிழிக்கவில்லை. காட்டவும் இல்லை. கைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். இவ்வளவு பெரிய கோழையைத் தினமும் கண்ணாடியில் பார்த்துத் தலைவாரிவிட்டுத்தான் வேலைக்கு வந்திருக்கிறேன்.

ஏப்ரல் 3, வியாழன்

மாத்திரைகள் உடம்பை விட்டுப் போய்விட்டன. இன்று எடுத்த ஈசிஜியில் பதினொன்றரைக் கட்டம். ஓரத்தில் நிற்கிறது, இந்தப் பக்கமும் இல்லை அந்தப் பக்கமும் இல்லை. சீப்பு தாடையைத் தடவினார். "அனேகமா மருந்தாலதான் இருக்கும். அந்த மாத்திரைங்க இனிமே வேண்டாம்னு எழுதிக் குடுத்து நாளைக்கு அனுப்பிடலாம்."

போகிறபோது, ஏதோ தோன்றி, நாத்தனாரிடமே கேட்டார். "நீங்க இதுக்கு முன்னாடி எங்கயாவது ஈசிஜி எடுத்திருக்கீங்களாம்மா?"

நான் கட்டில் கால்மாட்டில் நின்றிருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியவில்லை.

"ஞாபகம் இல்ல டாக்டர்" என்றாள்.

விலா எலும்பு முறிந்து மூச்சுவிடவே வலிக்கிறவள், எனக்காகப் பொய் சொல்கிறாள். அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. நான் எதையோ மறைக்கிறேன் என்று மட்டும் தெரிந்திருக்கிறது, அது போதும் என்று நினைத்துவிட்டாள். பன்னிரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்து, யார் யாரைப் படித்து வைத்திருக்கிறோம்? நாளைக்கு இவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் போன் அடிக்கும்.

ஏப்ரல் 4, வெள்ளி

காலை எட்டு மணிக்கே சீப்பின் அறை வாசலில் நின்றேன். தாளை மேஜையில் வைத்தேன், மடிப்பு இல்லாமல். பின்பக்கத்தையும் திருப்பிக் காட்டினேன்.

கவட்டையை எடுத்து அளந்தார். இன்னொரு இடத்தில் அளந்தார். அவசரமே இல்லை அந்த மனிதருக்கு.

"எப்போ எடுத்தது?"

"மார்ச் பதினொண்ணு."

"அப்போ எந்த மாத்திரையும் சாப்பிடலையா?"

"ஒண்ணும் இல்ல சார். ஒரு வருஷமாவே இல்ல."

"அப்போ பிறவிதான். சந்தேகமே இல்ல." நிமிர்ந்தார். "ஏன் அக்கா சொல்லல?"

தாளின் மடிப்புத் தடத்தை விரலால் நீவிவிட்டேன்.

"நானா இருந்தாலும் ஒரு நாள் யோசிச்சிருப்பேன்" என்றார். "அஞ்சு நாள் யோசிச்சிருக்க மாட்டேன்."

திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன். அதோடு விட்டுவிட்டு அடுத்ததைக் கேட்டார்.

"இது குடும்பத்துல ஓடுற நோய். உங்க வீட்டுக்காரர் அவங்க கூடப் பிறந்த அண்ணன்தானே? உங்களுக்குப் பிள்ளைங்க எத்தனை பேர்?"

ஐந்து நாள் இந்தத் தாளைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றியபோது இது எனக்குத் தோன்றவே இல்லை. நினைத்ததெல்லாம் என் பெயரைப் பற்றி மட்டும்தான். அலாரம் தினமும் ஆறு மணிக்கு அந்த அறையில் அடித்துக்கொண்டிருந்தது, என் மகளின் தலைமாட்டில்.

ஏப்ரல் 5, சனி

நாத்தனாரிடம் நானே சொன்னேன். சீப்பு சொல்லட்டும் என்று விட்டிருக்கலாம், அந்த அளவுக்கு இன்னும் இறங்கவில்லை.

கவனமாகக் கேட்டாள். மயக்கம் ஏன், சத்தம் கேட்டால் ஏன், கை கால் ஏன் வெட்டியது - இதயம் நின்று மூளைக்கு ரத்தம் போகாத சில நொடிகள், அவ்வளவுதான்.

"அப்போ எனக்கு வலிப்பு இல்லையா அண்ணி?"

"இல்ல."

"எப்பவுமே இருந்ததில்லையா?"

"இல்ல."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன். "டாக்டர்கிட்ட அதை ஒரு தாள்ல எழுதி, சீல் போட்டுக் குடுக்கச் சொல்லுங்க" என்றாள்.

"யார்கிட்டக் காட்டப் போற? அவங்க வீட்டுலயா?"

"யார்கிட்டயும் இல்ல. நான் வச்சுப் பார்த்துக்க."

இழுப்பறையைச் சொன்னேன். மடித்ததைச் சொன்னேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று எழுதிவைத்த பாலையும் சொல்லிவிட்டேன். அதற்கு அவள் சொன்னது இவ்வளவுதான்: "எனக்குத் தெரியும் அண்ணி. நீங்க எப்பவுமே மெதுவாத்தான் வருவீங்க."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள்.

ஏப்ரல் 7, திங்கள்

வீட்டுக்காரருக்கும் மகளுக்கும் ஈசிஜி எடுத்தாகிவிட்டது.

அவருக்குப் பன்னிரண்டு கட்டம். ஐம்பது வயது வரை ஒரு தடவைகூட விழுந்ததில்லை. சிலருக்கு அப்படி என்கிறார் சீப்பு.

மகளுக்கு என்னால் எடுக்க முடியவில்லை. ரப்பர் கிண்ணத்தை நெஞ்சில் வைக்கிறேன், விரல் வழுக்குகிறது. வார்டு நர்ஸ் வந்து, "நகருங்கக்கா" என்று என்னை ஒதுக்கிவிட்டுப் பத்து வயரையும் ஒட்டினாள். இடது வலது தெரியாதவள் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள். ஒன்றுகூடத் தப்பாக ஒட்டவில்லை.

தாள் வந்தது. எண்ண வேண்டியிருக்கவில்லை. அத்தையின் அதே இரட்டை மேடு.

"அம்மா, நார்மலா?" என்றாள் மகள்.

"இல்லம்மா."

"சரி. அப்போ என்ன பண்ணணும்?"

சீப்பு அவளிடமே உட்கார்ந்து சொன்னார், என்னைத் தாண்டி. தினமும் மாத்திரை, ஒரு வேளைகூட விடக் கூடாது. சாப்பிடக் கூடாத மருந்துகளின் பட்டியல் எப்போதும் கையில் இருக்க வேண்டும். வாந்தி, பேதி வந்தால் உடனே வர வேண்டும். அலாரம் கூடாது, யாராவது தொட்டு எழுப்பட்டும். படிக்கலாம், வேலைக்குப் போகலாம், எல்லோரையும் போல வாழலாம். "முன்னாடியே தெரிஞ்சுட்டதால உனக்கு இது சின்ன விஷயம்" என்றார். முன்னாடியே.

ஏப்ரல் 16, புதன்

நாத்தனாருக்கு இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே சின்னப் பெட்டி ஒன்று வைத்தார்கள். மாத்திரையையும் மீறித் துடிப்பு முறுக்கிக்கொண்டால் உள்ளேயிருந்தே ஷாக் கொடுத்து நேராக்கிவிடும். இரண்டு மணி நேரம் வெளியே உட்கார்ந்திருந்தேன். சீப்பு வந்து, "நல்லபடியா முடிஞ்சது அக்கா" என்றார்.

"நன்றி தம்பி" என்றேன். டாக்டரைத் தம்பி என்றதை யாரும் கண்டிக்கவில்லை.

மே 8, வியாழன்

ஒரு மாதமாக ஈசிஜி அறையில் எல்லாத் தாளையும் அளந்து பார்க்கிறேன். வெளியே முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும். இவர்களுக்கு வேறு என்ன தெரியும்?

ஜூன் 23, திங்கள்

வீட்டில் இரண்டு மாதமாகச் சத்தமே இல்லை. போன்கள் எல்லாம் ஊமை. கதவு இடுக்குகளில் துணி செருகியிருக்கிறேன். நான் நாத்தனாரிடம் பேசும் குரலை எனக்கே அடையாளம் தெரிவதில்லை, அனாதை ஆசிரமத்துக்கு நன்கொடை கொடுக்க வந்தவள் மாதிரி. "வேணுமாம்மா?" "போதுமாம்மா?"

அவள் இன்றிலிருந்து ஒரு நூலகத்தில் வேலைக்குப் போகிறாள். காலையில் அவள் கட்டிவைத்த சாப்பாட்டுப் பையைப் பிரித்து, இன்னும் கொஞ்சம் வைத்து, மூடியை மாற்றினேன். அவ்வளவுதான்.

"அதை எதுக்குத் தொடறீங்க?" என்று கத்தினாள். நிஜமாகவே கத்தினாள். "ரெண்டு மாசமா பொறுத்துக்கிட்டு இருக்கேன். நான் என்ன கண்ணாடிப் பாத்திரமா? இதைவிட நீங்க முன்ன மாதிரி குத்திப் பேசினதே தேவலாம் அண்ணி!"

மகள் பாதிப் பல் துலக்கியபடி ஓடிவந்தாள். அவர் செருப்பை மாட்டியதும் மாட்டாததுமாக வாசலில் நின்றுவிட்டார். அவள் கழுத்து நரம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒழுங்காகத் துடித்துக்கொண்டிருந்தது, கோபத்தில் கொஞ்சம் வேகமாக.

"என்ன பார்க்கறீங்க? ஒண்ணும் ஆகல. சொல்லுங்க, என்னவோ சொல்ல வந்தீங்களே."

"சொல்றேன். சாதம் குழஞ்சு கூழாயிருக்கு. முப்பத்தெட்டு வயசாச்சு, ஒரு சாதம் வடிக்கத் தெரியல. இதை எடுத்துட்டுப் போய் அங்க என் மானத்தை வாங்கு."

"உங்க மானத்தை நான் வேற வாங்கணுமா?"

பத்து நிமிடம் நடந்தது. பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று திறந்து மூடியது. மகள் வாய் கொப்பளிக்கப் போய்விட்டாள். அப்புறம் நாத்தனார் தன் மாத்திரையை விழுங்கினாள், மகளின் மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைத்து, அவள் விழுங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள், பையை எடுத்தாள், கதவைப் படார் என்று அறைந்து சாத்திவிட்டு வேலைக்குப் போனாள்.